மோதிரத்தப் புடிச்சிக்கோ

அத்தை என்னை அறைவதற்கு முன்னால் வலது கை மோதிரங்களைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். பவழம் வைத்தது ஒன்று, வெறும் வளையமாக ஒன்று, முகம் தேய்ந்து எந்தச் சாமி என்றே தெரியாமல் போனது ஒன்று. "மோதிரத்தப் புடிச்சிக்கோடி. கல்லு கிழிச்சிடப் போவுது" என்பார். நான் இடது கைக்குள் வைத்துப் பொத்திக்கொள்வேன். டைரக்டர் 'ஆக்‌ஷன்' என்பார். அடுத்த நொடி என் இடது கன்னத்தில் இடி விழும்.

என் இடது காது இப்போது கேட்பதில்லை. இதைச் சொன்னால் போதும், "அந்தம்மா அடிச்சி அடிச்சே போயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அத்தை அடித்து ஒருத்தர் காதும் போனதில்லை. கன்னத்துச் சதையில் மட்டும் விழுகிற அடி அது; விரல் நுனிகூடக் காதைத் தொடாது. என் காது வேறொருவன் கையால் போனது. அதற்கு வருகிறேன்.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, ஈ.சி.ஆரிலிருந்து கடல் பக்கம் இறங்கும் மண் சாலையில் ஒரு பங்களா இருக்கிறது. யாரோ பணக்காரர் ஆசையாகக் கட்டி, குடிவராமலே ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டிருந்தார். தினம் ஒளிபரப்பாகும் ஒரு சீரியலுக்கு அதுதான் ஜமீன் மாளிகை. அதில் அவர் மாமியார். பெரிய மருமகள் அழுகிறவள். சின்ன மருமகளான நான் அறை வாங்குகிறவள். லைட் பிடிக்கிறவர் முதல் சாம்பார் வாளி தூக்கி வருகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் அத்தைதான். அதனால் இங்கேயும் பெயர் வேண்டாம்.

கேமரா ஓடும்போது, "இந்தக் குடும்பத்தின் கௌரவத்தைத் தெருவில் நிறுத்திவிட்டாயே!" என்று கணீரென்று பேசுவார். கட் சொல்லி வாய் மூடுவதற்குள், "இன்னா வெயிலுடா சாமி. இந்தப் பட்டுப்பொடவைய கண்டுபுடிச்சவன இட்டாந்து அவனுக்கே சுத்தி வுடுங்கடா" என்பார். செங்கல்பட்டுக்காரர். அவருடைய அம்மா ஊரார் களத்தில் கூலிக்கு நெல்லடித்தவர். வலது கையை விரித்துக் காட்டி, "அந்தக் கைடி இது" என்பார். அகலமான கை. உள்ளங்கை எப்போதும் கொஞ்சம் சிவந்தே இருக்கும்.

சீரியலில் அறை என்றால் பொய் அறைதான். கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும், வாங்குகிறவள் வெடுக்கென்று முகத்தைத் திருப்புவாள், சத்தத்தைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். அத்தைக்கு அது ஆகவே ஆகாது. "கையி ஒரு பக்கம் போவுது, மூஞ்சி அப்பாலிக்கா திரும்புது. பாத்துகினு கீறவ இன்னா பைத்தியக்காரியா?" என்பார். ஆனால் உண்மைக் காரணம் வேறு. கூட்டத்தில் நிற்கிற நடிகையாக இருந்த இளம் வயதில், ஒரு கதாநாயகன் அவரைப் பொய்யாக அறைய வேண்டிய காட்சி. டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை. ஒன் மோர், ஒன் மோர் என்று காலையில் தொடங்கியது. ஒவ்வொரு தடவையும் கை கொஞ்சம் பட்டுக்கொண்டே வந்திருக்கிறது. பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனபோது, வீங்கிய முகத்தில் வீட்டாருக்கே அவரை அடையாளம் தெரியவில்லையாம். "பொய்யா அடிக்கிறவன் நாள் பூரா அடிப்பான்டி. நான் ஒரே வாட்டி அடிச்சிட்டு வூட்டுக்குப் போவேன்" என்றார். அவரிடம் அறை வாங்கி நான் ஒரு நாளும் ஒன் மோர் போனதில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். அசையக் கூடாது. வெளிச்சம் இருக்கிற பக்கம் கன்னத்தைக் கொடுத்துவிட்டு, மோதிரத்தை இறுக்கிப் பிடித்தபடி நின்றால் போதும்.

அறைந்த பிறகு மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டார். மோதிரங்களை வாங்கிக்கொண்டு நேரே பங்களாவின் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விடுவார். தண்ணீரைத் திறந்துவிட்டு உள்ளங்கையைக் காட்டியபடி வெகுநேரம் நிற்பார். "இன்னா அத்தை?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "உன் மூஞ்சியில கீற பவுடரு பூரா என் கையிலதான்" என்றார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு தடவை தவிர, கேமரா இல்லாமல் யார் மீதும் அவர் கை வைத்ததில்லை. எங்கள் சீரியலில் வில்லனாக நடித்த ஒருவன், காட்சிக்குக் காட்சி என் இடுப்பில் கிள்ளிக்கொண்டிருந்தான். நான் அழுதுகொண்டே அத்தையிடம் சொன்னேன். அவர் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வசனம் எழுதுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்து வஞ்சிர வறுவல் ஊட்டாத குறையாகக் கவனித்தார். மறுநாள் காலை வந்து பார்த்தால் மாமியார் வில்லனை அறைவதாகக் காட்சி மாறியிருந்தது. மோதிரங்களைக் கழற்றி அவன் கையில் கொடுத்தபோது அவன் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். அன்றைக்கு மட்டும் அத்தையே டைரக்டரைப் பார்த்து, "எனுக்குத் திருப்தியா இல்ல தம்பி, இன்னொரு வாட்டி போலாமா?" என்று கேட்டார்.

அடி கொடுக்கிறவர் மட்டுமில்லை, வாங்கியதும் உண்டு. திருக்கழுக்குன்றம் மலைக்குப் போயிருந்தபோது அடிவாரத்தில் ஒரு அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். "மருமவள அந்த அடி அடிக்கிறியே, உனுக்குக் கோயிலு ஒரு கேடா?" என்று தேங்காய் மூடியை விட்டெறிந்ததில் புருவம் பிளந்துவிட்டது. முந்தானையால் அழுத்திக்கொண்டு அப்படியே ஷூட்டிங்குக்கு வந்தார். பிள்ளை பரீட்சையில் தேறிவிட்ட மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. "நம்பிட்டாடி அவ! நெஜம்னே நம்பிட்டா!" அத்தனை பெரிய பங்களாவில் ஒரு பிளாஸ்திரி இல்லை. பூஜைக் காட்சிக்கு வைத்திருந்த மஞ்சளை அப்பி, அதன் மேல் மேக்கப் போட்டு, முடியை இறக்கிவிட்டுக் காட்சியை எடுத்துவிட்டார்கள். "பாத்தியா, எவ்ளோ டெடிகேஷன்" என்று மேனேஜர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு எங்கள் ரத்தமெல்லாம் டெடிகேஷன்தான்.

பிறகு அந்தப் படிக்கட்டு நாள் வந்தது.

மாமியார் பெரிய மருமகளை மாடிப்படியிலிருந்து தள்ளிவிடுகிற காட்சி. இதற்கெல்லாம் டூப் போட வேண்டும், கீழே மெத்தை போட வேண்டும். ஆனால் கையில் எபிசோடு இல்லை; அன்று மாலை ஒளிபரப்பாக வேண்டியதையே அன்று காலையில்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். மெத்தை எங்கே என்று அத்தை கேட்டார். வேறொரு ஷூட்டிங்குக்குப் போயிருக்கிறது என்றார் மேனேஜர். "கொஞ்சம் படிதானம்மா. கீழ பசங்க நிக்கறாங்க, புடிச்சிக்குவாங்க."

அத்தை கொஞ்ச நேரம் படிகளைப் பார்த்தார். அழுகிற மருமகளோ, "பரவாயில்ல அத்தை, தள்ளுங்க" என்றாள். அத்தை மோதிரங்களைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். ஆக்‌ஷன் என்றதும் தள்ளினார். அவருக்குத் தெரிந்தது ஒரே விதம்தான். உண்மையாகவே தள்ளினார்.

சரியாக அந்த நேரத்தில் கேமராமேன், "ஃப்ரேம்ல யாரு? தள்ளிப் போ!" என்று கத்தினார். பிடிப்பதற்காக நின்றவர்கள் எல்லோரும் ஒரே தாவலில் பின்னால் போய்விட்டார்கள். வேறு எந்த வேலையில் இருக்கிறவனாக இருந்தாலும் விழுகிறவளைப் பிடித்திருப்பான். எங்கள் ஆட்களுக்கு ஃப்ரேம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் கால் தானாக நகர்ந்துவிடும். அவள் சலவைக்கல் தரையில் இடுப்பு அடிபட விழுந்தாள். ஏதோ உடைகிற சத்தம் எனக்குக் கேட்டது. மோதிரங்கள் படிப்படியாகக் குதித்து உருண்டு வந்தன. டைரக்டர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டே, "ஓகே, சூப்பர்!" என்றார்.

அவளைக் கொண்டுபோக வண்டி இல்லை. காலை டிபன் கொண்டுவந்த வேனில், காலி அண்டாக்களுக்கு நடுவில் படுக்கவைத்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேன் கேட்டைத் தாண்டுவதற்குள் மேனேஜர் என்னிடம் வந்தார். "அதே கலர் பொடவ இன்னொண்ணு கீது. நீ கட்டிக்கினு இங்க குப்புறப் படுத்துடு. முதுகு ஷாட்டு மட்டும் எடுத்துட்டா முடிஞ்சிது." தரையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வாயில் வார்த்தை வரவில்லை.

அத்தைக்கு வந்தது. படியில் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "தள்ளுனது நானு. என் கையிதான் தள்ளிச்சி. நான் எங்க வேணா வந்து சொல்றேன். மெத்த போடாதது யாரு? நீ சொல்லு." அத்தை மேக்கப் அறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கேட்டுக்கு வெளியே மணலில் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே நானும் போனேன். சீரியலின் மகன்கள், சம்பந்தி, இன்ஸ்பெக்டர் எல்லோரும் வந்தார்கள். எங்கள் வேலைநிறுத்தம் அப்படித்தான் தொடங்கியது.

பிறகு அது பெரிதாகி, ஈ.சி.ஆர். நெடுக ஷூட்டிங் வீடுகளில் எல்லாம் நடிகர்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். சென்னையில் சங்கத்துக்காரர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். எங்கள் கேட்டில் கேட்டது எளிமையானதுதான்: மெத்தை, டூப், அவசரத்துக்கு ஒரு வண்டி, இத்தனை மணிக்கு மேல் வேலை இல்லை என்று ஒரு வரம்பு, அடிபட்டவளுக்கு வைத்தியம். மேனேஜர் முதலில் கெஞ்சினார். பிறகு, "சீரியல்ல உங்கள சாவடிச்சிடுவோம் பாத்துக்கங்க" என்றார். வெளியில் இருக்கிறவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது. ஒரு ஃபோட்டோ, ஒரு சந்தன மாலை, அதன் முன்னால் கொஞ்ச நேரம் ஒப்பாரி. அத்தோடு நம் பிழைப்பு போயிற்று. "மால நல்லதா போடு. பிளாஸ்டிக்கு மால போட்டியோ, பேயா வருவேன்" என்றார் அத்தை.

ஒரு நாள் காலை மண் சாலையில் ஒரு வேன் வந்தது. உள்ளே அத்தையின் அதே அரக்கு நிறப் பட்டுப்புடவை, அதே பெரிய பொட்டு. அவருக்குப் பதிலாக வேறொரு நடிகை. வேனுக்கு முன்னால் கறுப்புப் பனியன் போட்ட ஆட்கள், கையில் கழிகளோடு. எங்கள் சீரியல் இன்ஸ்பெக்டர் அன்றைக்குக் காக்கி உடுப்போடு வந்திருந்தார், பார்த்தால் பயப்படுவார்கள் என்று. அவர்கள் முதலில் கிழித்தது அந்தச் சட்டையைத்தான். கீழே தள்ளி வயிற்றில் மிதித்தார்கள். சம்பந்தியாக நடிக்கிற வயசானவரின் தலையைக் கேட்டுக் கம்பியில் இடித்தார்கள். என் முடியைப் பிடித்து ஒருவன் இழுத்தான். மணலும் ரத்தமும் என் வாய்க்குள் போயின.

நான் கையை ஊன்றி எழுந்து நின்றேன். என் எதிரில் அகலத் தோளோடு ஒருவன். மணிக்கட்டில் இரும்புக் காப்பு. அவன் கையை ஓங்கினான். ஓங்கிய கைக்கு முன்னால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? குனிவார்கள், ஓடுவார்கள், கையால் தடுப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? கடல் பக்கமிருந்து வெயில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் இடது கன்னத்தைக் காட்டினேன். இடது கையைப் பொத்திக்கொண்டேன். அசையாமல் நின்றேன். அத்தனை வருடப் பழக்கம்.

காப்போடு சேர்ந்து காது மேல் விழுந்தது அந்த அடி. உள்ளே ஏதோ வெடித்தது. கடல் சத்தம் ஒரு பக்கம் நின்றுபோனது.

மணலில் கிடந்தபடி அத்தையைப் பார்த்தேன். நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து வந்துகொண்டிருந்தார். வரும்போதே மோதிரங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். கொடுப்பதற்கு என்னைப் பார்த்தார். நான் வாங்குகிற நிலையில் இல்லை. அவனிடமே நீட்டினார். "புடிச்சிக்கோ."

வயசான பொம்பளை ஒருத்தி தங்கத்தை எடுத்து நீட்டினால் யாருக்கும் கை தானாக வரும். அவனுக்கும் வந்தது. வாங்கிக்கொண்டு, இது என்ன என்று குனிந்து பார்த்தான்.

கேமரா இல்லாமல் அத்தை அடித்த ஒரே அடி அதுதான். அவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். கழி வைத்திருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். வேனுக்குள் இருந்த நடிகை ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தார். "வண்டியத் திருப்புப்பா. இந்தப் பாவம் எனுக்கு வேணாம்" என்று அவர் கத்தியது என் நல்ல காதில் விழுந்தது. வேன் திரும்பியது.

அதற்குள் அவன் எழுந்துவிட்டான். அத்தையின் வலது கையைப் பிடித்து இழுத்துக் கேட்டின் குறுக்குக் கம்பியில் வைத்து, தன் முழு எடையையும் போட்டு அழுத்தினான். முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். அத்தை கத்தவில்லை. "போதுமா?" என்று கேட்டார். அவனும் அவன் ஆட்களும் ஓடிப்போனார்கள். மோதிரங்களும் அவன் கையோடு போயின.

பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த யாரோ செல்போனில் எடுத்திருந்தார்கள். சாயந்திரத்துக்குள் ஊரெல்லாம் பார்த்தது. சீரியலில் அவரைச் சபித்துக்கொண்டிருந்த பெண்களே பங்களா கேட்டுக்கு வந்து மேனேஜரை விரட்டினார்கள். கொஞ்ச நாளில் நாங்கள் கேட்டதில் பெரும்பாலானதைக் கொடுத்தார்கள். மெத்தை வந்தது. வண்டி வந்தது. அழுகிற மருமகள் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கினாள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். வீடியோவில் அவன் முதுகுதான் தெரிகிறது என்றார்கள்.

அத்தையின் மணிக்கட்டு கோணலாகக் கூடியது. விரல்கள் மடங்கவில்லை. கை போன மாமியார் எதற்கு என்று சீரியலில் அவரைக் கொன்றுவிட்டார்கள். சந்தன மாலைதான் போட்டார்கள், சொன்ன மாதிரியே. அந்த ஃபோட்டோவுக்கு முன்னால் நான் அழுத அழுகை ஒரே டேக்கில் ஓகே ஆனது.

லீவு நாட்களில் செங்கல்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற அவர் வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். நீல நிறச் செக்யூரிட்டி சட்டை. மணிக்கட்டில் இருந்த இரும்புக் காப்பைப் பார்த்ததும் அவன்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சிறுசேரில கம்பெனி வேலைக்குப் போய்ட்டேன்மா" என்றான். யாரும் கேட்கவில்லை. பேப்பரில் மடித்திருந்த மோதிரங்களை நீட்டினான். "எங்கம்மா குடுத்துட்டு வரச் சொல்லிச்சி. அடுத்தவங்க நக வூட்ல இருந்தா வெளங்காதாம்."

"அப்ப நீயா வரல" என்றார் அத்தை. "என் கைய ஒடிச்சதுக்கு உங்கம்மா இன்னா சொல்லிச்சி?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அந்த மாமியாக்காரிக்கு நல்லா வேணும்னு சொல்லிச்சி."

அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைக் கொன்றுபோட வேண்டும் என்றுதான் இருந்தது. அத்தை இடது கையால் மோதிரங்களை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். சிரிப்பு நின்றிருந்தது.

"இவ காதுல நீ அடிச்ச. இன்னிக்கி வரிக்கும் கேக்கல" என்று அவனிடம் சொன்னார். பிறகு என்னிடம், "உன் மோதிரத்தக் கழட்டி அவன் கையில குடுடி" என்றார்.

என் விரலில் ஒரே ஒரு மோதிரம்தான். கழற்றி நீட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது; ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவன்தானே. ஓடிவிடுவான் என்று நினைத்தேன். வாங்கிப் பொத்திக்கொண்டு நின்றான்.

அத்தனை வருடம் அறை வாங்கினேனே ஒழிய, ஒருத்தரையும் அறைந்ததில்லை. என் காதையும், கேட்டுக் கம்பியையும், அண்டாக்களுக்கு நடுவில் கிடந்தவளையும் நினைத்துக்கொண்டு அடித்தேன். அவன் தலை கதவு நிலையில் மோதித் திரும்பியது. உதட்டோரம் ரத்தம் வந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

உள்ளங்கையில் தீக்கங்கை வைத்த மாதிரி இருந்தது. உதறினேன், போகவில்லை. புடவையில் தேய்த்தேன், போகவில்லை. வலி தோள் வரைக்கும் ஏறியது.

"எரியுதா?" என்றார் அத்தை.

"எரியுது அத்தை."

"எனுக்கும் எரியும்டி" என்றார், கோணல் கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே. "ஒருத்தியும் கேட்டதில்ல."

பின்பக்கம் குழாய் இருந்தது. அங்கே போகத் திரும்பினேன். அவன் மோதிரத்தை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தான். என் வலது கையை விரிக்க முடியவில்லை. இடது கையால் வாங்கிக்கொண்டேன்.